சத்தத்தை எடுத்துவிட்ட வீடியோ

தம்பி, இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரல் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். வாய்ஸ் நோட்டாக அனுப்பினால் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்பாய். அதனால் டீச்சர்களுக்காக நான் நடத்துகிற பக்கத்திலேயே, எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். உன் பெட்டி ஹாலில் திறந்து கிடக்கிறது. வியட்நாமில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிற பிள்ளைக்கு நான் துள்ளிக் குதித்து எழுதியிருக்க வேண்டும். நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும், ஒரு சின்ன விஷயத்துக்குப் பத்து பட்டாசு எமோஜி போடுகிறவள். இப்போது சந்தோஷம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால், பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது. கை படுகிறது, என்னுடையது என்று தெரியவில்லை.

நேற்று நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது நீ வந்து நின்று கேட்டாய். "எம்மா, மேடத்துக்கு இன்னும் சரின்னு சொல்லலியா? அந்த வீடியோவ எல்லாருக்கும் காட்டணும்னு அவுகளே கேக்குறாங்க. நீ ஒரு வார்த்தை சொன்னா தெக்க இருக்குற ஸ்கூலுக்கெல்லாம் நீதான் டிரெய்னிங் குடுப்ப. கிடைக்காம கிடைச்சிருக்கு, ஏன் இழுக்குற?" வெங்காயம் உரிக்கும்போதுகூட கண்ணில் தண்ணீர் வரவில்லை என்பதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். உனக்கான பதில் கொஞ்சம் நீளம். உட்கார்ந்து படி.

பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணமாகி வந்தவள் நான். உனக்கு ரைம்ஸ் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த பாயில்தான் நானும் இங்கிலீஷ் படித்தேன். அப்புறம் போன்தான் என் காலேஜ். தபாலில் டிகிரி முடித்து, ஆனைக்குட்டம் போகிற ரோட்டில் இருக்கிற அந்தச் சின்ன ஸ்கூலில் வேலை கிடைத்த பிறகும், ஒரு டீச்சர் எப்படி டீச்சர் ஆவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த மேடம்தான் சொன்னார். இங்கிலீஷ் டீச்சர்களுக்கே டீச்சர் அவர், சென்னையிலிருந்து லைவ் வருவார். மற்றவர்கள் நடிகர்களுக்கு ரசிகர்கள், நான் அவருக்கு. லைவ் ஆரம்பிக்கும் முன்பே போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ராக்கெட் படம் போட்டு "ஹாய் மேம், ஃப்ரம் சிவகாசி" என்று முதல் கமென்ட் நான்தான் போடுவேன். ஒருநாள் அவர் அதை வாசித்து, "பட்டாசு ஊர் டீச்சர் வந்தாச்சா?" என்று சிரித்தார். நான் கத்திய கத்தலில் அப்பா குளியலறையிலிருந்து சோப்போடு ஓடிவந்தார்.

"ஏ புள்ள, என்னாச்சு? கேஸ் பத்திக்கிருச்சா?"

"மேடம் என்னையச் சொல்லிட்டாங்க!"

"எந்த மேடம், உங்க ஹெச்செம்மா?"

"ஆன்லைன் மேடம்ங்க!"

"அடிப்பாவி. ஒரு நிமிசத்துல என் உசுர வாங்கிட்டியே," என்று திரும்பிப் போனார். நீ சோபாவிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தாய். அந்த வாரம் முழுக்க "பட்டாசு டீச்சர்" என்றுதான் கூப்பிட்டாய். உன் கூட்டாளிகள் விளையாட்டு வீடியோ பார்த்த நேரத்தில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்துவது எப்படி என்று பார்த்தாய். வியட்நாமுக்கு நீ போகிற வழி அங்கேதான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

மேடம் நடத்திய நீண்ட பயிற்சியில் எனக்கு இடம் கிடைத்தபோது நான் எப்படி ஆடினேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். அதில் கற்றுக்கொண்டதில் இரண்டு விஷயங்கள் என்னைத் தலைகீழாகப் புரட்டின. ஒன்று, புத்தகத்தில் இருக்கிற டாம் என்ன செய்கிறான் என்று கேட்காதே, பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேள். இன்னொன்று, கேட்டுவிட்டு வாயை மூடு. கேள்வி கேட்ட அடுத்த நொடியே நாமே பதில் சொல்லி, எல்லோரையும் கோரஸாகத் திருப்பிச் சொல்ல வைத்துப் பழகிவிட்டோம். பிள்ளைக்கு யோசிக்க நேரம் வேண்டும், அந்த அமைதியைக் கண்டு டீச்சர் பயப்படக் கூடாது என்று மேடம் சொல்வார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு பழகினேன். பக்கத்து வகுப்பு ஜெபராணி டீச்சர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், உங்க கிளாஸ்ல சத்தத்தையே காணோம், பிள்ளைகளுக்கு மயக்க ஊசி போட்டுட்டீகளா?" என்பார். "யோசிக்கிறாங்க டீச்சர்," என்பேன். "நம்ம பிள்ளைகள யோசிக்க விட்டா ஓட்டைப் பிரிச்சிருங்க," என்று சொல்லிவிட்டு அவர் வகுப்பைக் கோரஸ் படிக்க வைப்பார். அவர் வகுப்பின் சத்தம் மெயின் ரோடு வரை கேட்கும்.

அந்தச் சத்தத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இதைப் படிக்கிற வெளியூர் டீச்சர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளின் அம்மா அப்பாவில் முக்கால்வாசிப் பேர் பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். எங்கேயாவது வெடித்தால் தரை வழியாக வரும் ஒரு சத்தம் வகுப்பு வரைக்கும் கேட்கும். கேட்டவுடன் எந்த டீச்சரும் அதைப் பற்றிப் பேச மாட்டார். கையில் என்ன பாடம் இருக்கிறதோ அதைச் சத்தமாகக் கோரஸ் படிக்க ஆரம்பித்துவிடுவார். இரண்டாவது சத்தத்தை, ஆம்புலன்ஸை, ஆபீஸ் ரூம் போன் அடிப்பதை, எதையும் பிள்ளைகள் காதில் விழவிடாமல் படிக்க வைத்துக்கொண்டே இருப்போம். எந்தக் கம்பெனி என்று தெரியும்வரை ஒரு பிள்ளையையும் கேட்டுக்கு வெளியே விட மாட்டோம். இதை யாரும் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் சீசனிலேயே தானாகப் பழகிவிடும். நீ படித்த காலத்தில் உனக்கு பெஞ்சுப் பக்கத்திலிருந்து பழக்கம்.

பயிற்சி முடிய ஒரு பாடத்தை முழுதாக வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். நீ போனையும் ஸ்டாண்டையும் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாய். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் உன்னைப் பார்த்துத் தலையைப் படியப் படிய வாரிக்கொண்டார்கள். உன்னை "கேமரா சார்" என்று ஒருத்தி கூப்பிட்டாள், அவளை இங்கே மாரி என்று சொல்கிறேன், அது அவள் பெயர் இல்லை. நான் சேலையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன். இந்த நேரத்தில் உன் வீட்டில் யார் யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பதுதான் பாடம். ஒருத்தன் "மை பிரதர் இஸ் ஸ்லீப்பிங் மிஸ், ஹி இஸ் எ வேஸ்ட் பாய்," என்றான், வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு மாரியை எழுப்பி, உன் அம்மா இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடினேன். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. ஜன்னல் கம்பி லேசாக அதிர்ந்தது. பக்கத்து வகுப்பில் ஜெபராணி டீச்சரின் பிள்ளைகள் உடனே பாட்டுக்கு மாறியது எனக்குக் கேட்டது. என் வகுப்பு அப்படியே நின்றது. பென்சில் உருட்டிக்கொண்டிருந்தவன் பென்சிலைப் பிடித்தான். எல்லாத் தலையும் கொஞ்சம் சாய்ந்தது. என் நெஞ்சுக்குள் கோரஸ் வந்து நின்றது, வாய் திறக்கவில்லை. மேடம் சொன்னதாலா, நீ வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததாலா, மாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்ததாலா, எனக்குத் தெரியாது. அது சரியா தப்பா என்று தீர்ப்பு எழுத நான் இங்கே வரவில்லை. நான் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, அது வரைக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, முழு வாக்கியமாகச் சொன்னாள். "மை மதர் இஸ் வொர்க்கிங், மிஸ்."

பாடத்தை முடித்தேன். நீ மதுரைக்கு மெடிக்கல் டெஸ்டுக்குப் போக வேண்டும் என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினாய். போகிற வழியிலேயே எடிட் பண்ணி அனுப்பிவிடுகிறேன், இன்றைக்குத்தான் கடைசி நாள் என்றாய். நீ போன பிறகு ஆபீஸ் ரூமிலிருந்து ஹெச்.எம். வந்து, வாசலில் நின்று, மாரியின் பையை மட்டும் எடுத்துத் தரச் சொன்னார். மாரி "ஏன் மிஸ், எனக்கு மட்டும் லீவா?" என்று கேட்டாள். சில பிள்ளைகள் அவளைப் பொறாமையாகப் பார்த்தார்கள். நான் பை ஜிப்பை மூடிக் கொடுத்தேன். அவள் அம்மாவை எனக்குத் தெரியும். பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வேலை முடிந்து நேராக வருவார், காதோரத்திலும் கழுத்து மடிப்பிலும் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பவுடர் ஒட்டியிருக்கும். பெஞ்சில் உட்காரச் சொன்னால், "வேண்டாம் டீச்சர், ஒட்டிக்கிரும்," என்று நின்றுகொண்டே பேசுவார்.

அன்று சாயங்காலம் நீ போன் பண்ணி, "வீடியோ சூப்பரா வந்திருக்கும்மா. ஃபேன் சத்தம், லோடு லாரி சத்தம் எல்லாத்தையும் ஆப்ல க்ளீன் பண்ணிட்டேன், உன் குரல் அப்படியே தேன் மாதிரி கேக்குது," என்றாய். நான் "சரிப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டேன். மாரியின் அம்மா இல்லை என்பதை அப்புறம்தான் சொன்னேன். எல்லாத்தையும் என்று நீ சொன்னதற்குள் அந்தச் சத்தமும் இருந்தது என்று நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அதில் உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வெளியூர்ப் பையனாக இருந்தால் அந்த இடத்தில் பயந்துபோய் ரிக்கார்டிங்கை நிறுத்தியிருப்பான். நீ இங்கேயே பிறந்தவன். ஃபேன் சத்தத்தோடு அதையும் சேர்த்துத் துடைத்துவிடுவது இந்த ஊர்ப் பிள்ளைக்குத்தான் வரும்.

அப்புறம் மேடத்தின் மெயில் வந்தது. நான் தவம் கிடந்த மெயில். இத்தனை வருஷத்தில் இவ்வளவு அழகான காத்திருப்பை அவர் பார்த்ததில்லையாம். டீச்சர் பதறவில்லை, துணைக்கு வரவில்லை, பிள்ளைகள் அத்தனை பேரும் சேர்ந்து யோசிக்கிறார்கள், கடைசியில் அந்தக் குழந்தையிடமிருந்து ஒரு முழு வாக்கியம் பூக்கிறது என்று எழுதியிருந்தார். எல்லா ஊர் டீச்சர்களுக்கும் இதையே மாதிரிப் பாடமாகக் காட்ட வேண்டும், அனுமதி தருவீர்களா, தந்தால் தெற்கே பயிற்சியாளர் நீங்கள்தான் என்று கேட்டிருந்தார். நான் வீடியோவைத் திறந்து பார்த்தேன். மேடம் சொன்னது சரிதான். அந்த வீடியோவில் அப்படித்தான் இருந்தது. சத்தம் இல்லாமல் பார்த்தால், என் வகுப்பு ரொம்ப அழகாக யோசித்துக்கொண்டிருந்தது. நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அழுகை வருமா என்று பார்த்தேன். சோறு பொங்குகிற வாடை வந்தது, எழுந்து போய் அடுப்பை அணைத்தேன்.

நீ உன் யோசனையைச் சொன்னாய். "மொகத்தை மறைச்சிரலாம்மா. பேரும் தெரியப் போறதில்ல. உன் டீச்சிங்கத்தானே காட்டப் போறாங்க?" கெட்ட எண்ணத்தில் நீ சொல்லவில்லை, எனக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் சொன்னாய். ஆனால் அனுமதி கொடுக்க நான் யார் என்று எனக்கு விளங்கவில்லை. அதனால் உன்னிடம் சொல்லாமல் போன வாரம் மாரியின் அப்பாவைப் பார்க்கப் போனேன். லாரியில் லோடு ஏற்றுகிற மனிதர். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார்.

"வாங்க டீச்சர். பிள்ளை ஏதும் சேட்டை பண்ணுதா?"

"இல்லண்ணே, அவ அன்னைக்கிப் பேசுன வீடியோ ஒண்ணு இருக்கு. வெளியூர் டீச்சர்மாருக்குக் காட்டட்டுமான்னு கேக்குறாங்க. நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க."

"அன்னைக்கின்னா, அன்னைக்கா?"

"ஆமாண்ணே."

நீ துடைத்ததைக் காட்டவில்லை. என் போனுக்கும் நீ மாற்றிவைத்திருந்த அசலைக் காட்டினேன். அவர் போனைக் கையில் வாங்கவில்லை, நான் பிடித்துக்கொண்டிருக்க குனிந்து பார்த்தார். வேஸ்ட் பாய் வந்தபோது சிரித்தார். சத்தம் வந்தபோது அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாரி பேசியதும் நிமிர்ந்தார்.

"இங்கிலீசு எனக்குத் தெரியாது. நீங்க என்ன கேட்டீக, அவ என்ன சொன்னா?"

"உங்க அம்மா இப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருக்காங்கன்னு கேட்டேன். அம்மா வேலை பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னா."

"கரெக்டாத்தான் சொல்லியிருக்கா?"

"கரெக்டாச் சொன்னாண்ணே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிள்ளையின் மார்க்கைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுகிற மாதிரித்தான் இருந்தது. பிறகு, "காட்டுங்க டீச்சர். மொகத்த மறைக்க வேண்டாம், அவ நல்லாத்தான் நிக்கிறா. ஆனா காட்டுனா இப்படியே காட்டுங்க. சத்தத்தோட," என்றார். நான் சத்தத்தை எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறது என்று அவரிடம் சொல்லவே இல்லை. மாரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கேமரா சார் வரலியா மிஸ்?" என்று கேட்டாள்.

நேற்று நீ கேட்டபோது நான் மேடத்துக்கு ஏற்கெனவே பதில் அனுப்பியிருந்தேன் தம்பி. அசல் வீடியோவை வைத்து, அந்தச் சத்தம் என்ன, பிள்ளைகள் எதற்காக அமைதியானார்கள், மாரியின் அம்மா எங்கே இருந்தார் என்று எழுதி, காட்டினால் இப்படித்தான் காட்ட வேண்டும் என்றேன். மேடம் நல்லவர். உடனே போன் பண்ணி அழுதார். நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து மெயில் போட்டார். இந்தச் சத்தத்தோடு காட்டினால் டீச்சர்கள் பாடத்தைக் கவனிக்க மாட்டார்கள், மனம் கலங்கிவிடும், வேண்டுமானால் நீங்கள் வேறொரு பாடம் எடுத்து அனுப்புங்கள், அதுவரை பயிற்சியாளர் இடத்துக்கு வேறு ஒருவரைப் போடுகிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார். சரி மேம் என்று போட்டேன். ராக்கெட் படம் போடவில்லை. நான் வேறொரு பாடம் எடுக்கவும் இல்லை. மாரி இப்போது வகுப்புக்கு வருகிறாள். கோரஸ் படிக்கும்போது வாயை அசைக்கிறாள். தனியாகக் கேட்டால் எழுந்து நின்று பார்க்கிறாள், நான் காத்திருக்கிறேன், சில நாள் பதில் வருகிறது, சில நாள் பெல் அடித்துவிடுகிறது.

நீ போகிற ஊரில் உனக்கும் பயிற்சி கொடுப்பார்கள். அந்த மேடத்தை மாதிரி நல்லவர்களாகத்தான் இருப்பார்கள், நீ எல்லாவற்றையும் கற்றுக்கொள். நான் கற்றதை எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, இன்றைக்கும் கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடத்தான் செய்கிறேன். ஆனால் உன் வகுப்பு திடீரென்று அமைதியானால் நீ நன்றாக நடத்துகிறாய் என்று உடனே முடிவுகட்டிவிடாதே. அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிவந்து உட்கார வைத்துக் கேள். அந்த ஊரில் பிள்ளைகள் எதற்கு அமைதியாவார்கள் என்பது உனக்குத் தெரியாது, உன் பாஷை அவர்களுக்குத் தெரியாத மாதிரி. கிளம்புவதற்கு முன்னால் உன் போனிலும் கம்ப்யூட்டரிலும் இருக்கிற அந்தத் துடைத்த வீடியோவை அழித்துவிடு. நான் உன்னிடம் கேட்பது அவ்வளவுதான்.

இன்றைக்கு விருதுநகரில் மாவட்டத்து இங்கிலீஷ் டீச்சர்கள் கூடினோம். நீ கடைக்குப் போயிருந்தாய், நான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். பயிற்சியில் கற்றதை அரை மணி நேரம் சொல்லச் சொல்லியிருந்தார்கள். நான் ஒன்றும் பேசாமல் அசல் வீடியோவைப் போட்டேன். ஸ்பீக்கர் பெரியது. அந்தச் சத்தம் வந்தபோது, பட்டாசு கம்பெனியே இல்லாத காரியாபட்டிப் பக்கத்திலிருந்து வந்த டீச்சர்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். நம் பக்கத்து டீச்சர்கள் அத்தனை பேர் கையும் ஹேண்ட்பேக்குக்குள் போய்விட்டது. வீடியோ என்று தெரியும், எதிரே திரையில் ஓடுகிறது, இருந்தும் எல்லோரும் போனை எடுத்துவிட்டார்கள். மாரி தன் வாக்கியத்தைச் சொல்லி முடித்தாள். நான் வீடியோவை நிறுத்தினேன்.

காரியாபட்டி டீச்சர் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, எதுக்கு எல்லாரும் போன எடுத்தீக?" என்று கேட்டார்.

ஜெபராணி டீச்சர் போனைக் காதில் வைத்தபடி அவரைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"சொல்லுதேன் டீச்சர். செத்த இருங்க. கம்பெனிக்குப் போன எம் மருமக மொதல்ல போன எடுக்கட்டும்."

ரிங் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கத்து டீச்சர்களும் சேர்ந்து காத்திருந்தார்கள். அவள் எடுத்தாள், "என்னத்தே?" என்று கேட்டது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. அதற்கப்புறம்தான் நான் பயிற்சியை ஆரம்பித்தேன்.

அம்மா